சிரட்டைத் தூள், வால்நட் ஓடு, மக்காச்சோளச் சக்கை: உலோகப் பாகங்களை மென்துகளால் பிளாஸ்டிங் செய்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்து மெக்கானிக் ஷெட்டுகள், ரீவைண்டிங் கடைகள், லேத்துப் பட்டறைகளில் எழும் கேள்விகளை வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. பிளாஸ்டிங் என்றால் அழுத்தக் காற்றோடு துகளைப் பீய்ச்சி, பாகத்தின் மேல் படிந்ததை எடுப்பது. காற்றழுத்தம் எல்லாம் பவுண்டில் இருக்கிறது. பஞ்சர் கடையில் சொல்லும் அதே பவுண்டுதான், அதாவது பி.எஸ்.ஐ.

மணல் அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடினமும் எடையும். கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் மணலின் குவார்ட்ஸ் 7, அலுமினியம் ஆக்சைடு 9. வால்நட் ஓடும் சிரட்டையும் 3-லிருந்து 4-க்குள் நிற்கும். பித்தளை 3, அலுமினியம் 3-க்குச் சற்றுக் கீழே, சாதா இரும்பு 4-ஐ ஒட்டி. மணல் எதில் பட்டாலும் உலோகத்தைச் சீவும். ஓட்டுத் துகள் மேலே படிந்ததை உடைத்துவிட்டுத் துள்ளி விழும்.

எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் மணல் ஒன்றரை கிலோவைத் தாண்டும். ஒரு லிட்டர் வால்நட் ஓட்டுத் துகள் 700 கிராம்தான் இருக்கும். ஒரே வேகத்தில் வந்தாலும் அடி பாதிகூட இருக்காது.

ஆனால் எண்களை மறுபடி படித்தால் ஒன்று புரியும்: ஓட்டுத் துகள் அலுமினியத்தைவிடக் கொஞ்சம் கடினம். அழுத்தத்தை 90, 100 பவுண்டுக்கு ஏற்றினால் அலுமினியத்தின் பளபளப்பு மங்கும், கேஸ்கட் உட்காரும் முகத்தின் ஓரம் மழுங்கும். "மென்துகள்தானே, என்ன ஆகிவிடும்" என்று முழுக் காற்றைத் திறப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எது போகும், எது போகாது?

உலோகத்தின் மேல் உட்கார்ந்திருப்பது போகும். உலோகமே மாறிப்போயிருந்தால் போகாது. பிஸ்டன் தலைக் கரி, ஹெட் உள்ளே படிந்த கார்பன், எரிந்து பிசினாகிப்போன ஆயில், பழைய கேஸ்கட் ஒட்டு, தளர்ந்த பெயிண்டு, பித்தளைமேல் லேசான களிம்பு எல்லாம் போகும்.

செதில் விட்ட துரு, வெல்டிங் கருமை, புது இரும்புத் தகட்டின் நீலக்கருப்புத் தோல், நன்றாகப் பிடித்த எபாக்சி, பவுடர் கோட்டிங் ஆகியவற்றோடு மல்லுக்கட்டினால் துகளும் மின்சாரமும்தான் வீண். துரு தின்ற குழியும் அப்படியே இருக்கும். அவற்றுக்குக் கார்னெட் என்ற கடினக் கனிமத் துகளோ ஸ்டீல் கிரிட் என்ற எஃகுத் துகளோ வேண்டும்.

வால்நட், சிரட்டை, மக்காச்சோளச் சக்கை – எதை எதற்கு?

வால்நட் ஓட்டுத் துகளுக்குக் கூர்மையான விளிம்பு உண்டு. கரியை நன்றாகச் சுரண்டும். இந்தியாவில் வால்நட் விளைவது பெரும்பாலும் காஷ்மீரில், எனவே நமக்கு மூட்டையாக வந்துசேரும் சரக்குதான். சிரட்டைத் துகள் வேலையில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும், கொஞ்சம் கூடுதலாகத் தூசி கிளப்பும்.

மக்காச்சோளச் சக்கை, அதாவது மணி உதிர்த்த கதிரின் நடுத்தண்டை அரைத்தது, வேறு ஜாதி. பஞ்சுபோல் எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சும். மோட்டார் சுற்று, மெல்லிய பித்தளைச் சாமான், பிளேட்டிங் முடிந்த பாகத்தை உலர்த்துவது போன்றவற்றுக்கு இதுதான் சரி. கெட்டிக் கரிக்கு இது போதாது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காட்டில் மக்காச்சோளம் விளைவதால் சக்கைக்கு அலைய வேண்டியதில்லை; சீராக அரைத்துச் சலித்துக் கொடுப்பவரைத்தான் தேட வேண்டும்.

சமையல் சோடாவையும் சிலர் இதே வரிசையில் சேர்ப்பார்கள். அது கனிமம். தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் ஆயில் துளைக்குள் தங்கிவிடுமோ என்ற பயம் குறைவு. ஆனால் கழுவாமல் விட்டால் காரத்தன்மை அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், மேலே அடிக்கும் பெயிண்டும் உரியும். மளிகைக் கடையில் விற்கும் ஆப்பச் சோடா மிக நைசு, துகள் அடிக்கும் கன்னில் கட்டிக்கொள்ளும்.

சிரட்டை நம்ம ஊரில் மலிவு. நாமே அரைத்துக்கொள்ளலாமா?

அரைக்கலாம். கடையம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் தேங்காய்க் களங்களில் சிரட்டை எப்போதும் உண்டு. ஆனால் கரிச் சூளைக்குப் போகும் சிரட்டை எல்லாம் இதற்கு ஆகாது.

முதலில் வெளி நார். ஒரு இழை நார் போதும், 3 மி.மீ. நாசிலை அடைக்க. அரிவாளாலோ கம்பி பிரஷ் வைத்த கிரைண்டராலோ ஓடு வழவழப்பாகும்வரை சுரண்ட வேண்டும். அடுத்தது உட்பக்கம் ஒட்டிய தேங்காய்ப் பருப்பு. அதில் எண்ணெய் இருக்கிறது. அரைத்தால் துகளோடு கலந்து, அடிக்கும் பாகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமாகப் பூசிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் மூட்டை சிக்கு வாடை அடிக்கும். பருப்பையும் அதை ஒட்டிய பழுப்புத் தோலையும் சுத்தமாக வழித்த முற்றிய சிரட்டையை மட்டும் எடுங்கள். இளநீர் ஓடு வேண்டாம், அது இன்னும் நார்தான்.

சித்திரை, வைகாசி வெயிலில் நாலு நாள் உலர்ந்தால் கையால் உடைக்கும்போது 'டக்'கென்று சத்தம் வரும். பிறகு சுத்தியல் மில்லில் பெரிய சல்லடை போட்டு ஒரு ஓட்டு, அடுத்து சின்ன சல்லடை போட்டு இன்னொரு ஓட்டு. ஒரே ஓட்டில் நைசாக அரைத்தால் பாதிக்குமேல் மாவாகப் போகும். மாவு மில்லின் கல் அரவை இதற்கு வேண்டவே வேண்டாம்; நசுக்கி மாவாக்கும், கல் பொடியும் கலக்கும்.

அரைத்ததை 850 மைக்ரான் சல்லடையில் சலித்து மேலே நிற்பதை மில்லுக்கே திருப்புங்கள். கீழே விழுந்ததை 425 மைக்ரானில் மறுபடி சலியுங்கள். அதன்மேல் நிற்பதுதான் உங்கள் சரக்கு. அதற்கும் கீழே இறங்கும் தூளை வீணாக்க வேண்டாம், ஊதுபத்திக்காரர்கள் வாங்குவார்கள். கடைசியாக ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் துகளுக்குள் அளையுங்கள். மில் சுத்தியலிலிருந்து உதிர்ந்த இரும்பு ஒட்டிக்கொண்டு வரும்.

உமி, புளியங்கொட்டை, பனங்கொட்டை?

உமி வேண்டாம். எடையே இல்லை, பறக்கும். அதோடு அதைச் சுட்டால் மிஞ்சும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. புளியங்கொட்டைப் பருப்பில் பசைச்சத்து அதிகம். நூலுக்குக் கஞ்சி போட ஆகுமே தவிர, ஈரக் காற்று பட்டதும் பசையாகிவிடும். பனங்கொட்டை ஓடு கடினம்தான், ஆனால் சுற்றியுள்ள தும்பை எடுத்து முடிப்பதற்குள் வால்நட் மூட்டை வாங்கிவிடலாம்.

ஆற்று மணலோ தேரி மணலோ சலித்துப் போட்டால் என்ன?

நுரையீரல் போகும். உலர்ந்த மணல் உடைந்து பறக்கும் நைசுத் தூசி சிலிக்கோசிஸ் என்ற மாறாத நோயைத் தரும். பிரிட்டன் பிளாஸ்டிங்கில் மணலை 1950-லேயே நிறுத்திவிட்டது. நம் தொழிற்சாலை விதிகளும் தடுக்கின்றன. குதிரைமொழித் தேரியின் சிவப்பு மண்ணில் கார்னெட்டும் இல்மனைட்டும் இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி இரும்புக் கறை பூசிய குவார்ட்ஸ். சிவப்பாக இருப்பதால் கார்னெட் ஆகிவிடாது.

என்ன சைஸ் துகள் வாங்குவது?

ஒன்றே ஒன்று வாங்குவதானால் 20/40, அதாவது 0.85 மி.மீ.-க்கும் 0.425 மி.மீ.-க்கும் இடைப்பட்டது. கெட்டிக் கரிக்கு 12/20. கார்புரேட்டர் போன்ற நுண்ணிய சாமானுக்கு 40/60. பருமனான துகள் பலமாக அடிக்கும், நைசுத் துகள் சந்து பொந்தில் நுழையும். நைசாக இருந்தால் வேகமாகச் சுத்தமாகும் என்று நினைப்பது தவறு. நாசில் துளை துகளைப்போல் குறைந்தது மூன்று நாலு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். 3 மி.மீ. நாசிலில் 12/20 போட்டால் அடைத்துக்கொண்டே இருக்கும்.

பஞ்சர் கடை 2 எச்.பி. கம்ப்ரசர் போதுமா?

ஒரு பிஸ்டனைச் சுத்தம் செய்யப் போதும், நடுவில் டீ குடித்துவிட்டு வந்தால். தொடர்ந்து அடிக்கப் போதாது. 3 மி.மீ. துளைக்கு 60 பவுண்டில் ஏறத்தாழ 13 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று வேண்டும், 80-ல் 17. துளை 5 மி.மீ. என்றால் 60 பவுண்டில் 30-ஐத் தாண்டும். 6 மி.மீ. போட்டால் 50-ஐத் தாண்டும். பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு எச்.பி.-க்கு மூன்றரை, நாலு சி.எஃப்.எம். தரும். எனவே 3 மி.மீ.-க்கு 5 எச்.பி. வசதியானது. தகட்டில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் இடப்பெயர்ச்சி, அதாவது பிஸ்டன் நகரும் கொள்ளளவு; உண்மையில் வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு.

உறிஞ்சும் கன்னில் காற்று ஜெட், வெளி நாசில் என இரண்டு துளை உண்டு. காற்றுச் செலவை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஜெட். வெளி நாசில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும்: 3 மி.மீ. ஜெட்டுக்கு 6 மி.மீ. நாசில். ஓட்டுத் துகள் நாசிலை அவ்வளவாகத் தேய்க்காது. விலை உயர்ந்த போரான் கார்பைடு தேவையில்லை, பீங்கான் போதும்.

அழுத்தம், தூரம், கோணம்?

30 பவுண்டில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் அடித்துப் பார்த்து, ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். மெல்லிய பித்தளைக்கு 25–35, அலுமினிய கார்புரேட்டருக்கு 35–50, பிஸ்டன், ஹெட் கரிக்கு 50–70. இவை கன் அருகே, டிரிக்கரை அழுத்தியிருக்கும்போது காட்டும் அளவு. டேங்க் மீட்டரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். நீளமான ஹோஸில் பத்துப் பதினைந்து பவுண்டு காணாமல் போகும்.

தூரம் ஒரு சாண், 20 செ.மீ. கோணம் 45 முதல் 60 பாகை. நேராக அடித்தால் திரும்பி வரும் துகள் போகும் துகளோடு மோதி வேகம் குறையும். கரியின் விளிம்பிலிருந்து சாய்வாக உள்ளே தள்ளுங்கள், பாளம் பாளமாகப் பெயரும்.

ஒரு கார்புரேட்டரை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முழுவதும் கழற்றுங்கள்: ஜெட், ஊசி, மிதவை, டயஃப்ரம், ஓ-ரிங் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து வெயிலில் உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கேபினெட்டுக்குள், அதாவது துகள் அடிக்கும் மூடிய பெட்டிக்குள், வைத்தால் துகள் சேறாகும். ஒரு பாகம் கெடுத்த துகள் அடுத்த பத்துப் பாகத்தில் எண்ணெய் பூசும்.

அடுத்து எல்லாத் துளைக்கும் ரப்பர் தக்கை. மரை உள்ள இடத்தில் பழைய போல்ட்டையே இரண்டு சுற்று திருகிவிடலாம். திராட்டில் தண்டு ஓடும் புஷ் இருபுறமும் டேப் சுற்றுங்கள். 40/60 துகள், 40 பவுண்டு. ஓரிடத்தில் நிற்காமல் பெயிண்டு அடிப்பதுபோல் கையை ஓட்டுங்கள்.

முடிந்ததும்தான் முக்கியமான வேலை. தக்கைகளை எடுத்து ஒவ்வொரு துளையிலும் இரு திசையிலும் காற்று ஊதுங்கள். வெந்நீரும் சோப்பும் கொண்டு நைலான் பிரஷ்ஷால் கழுவி, மறுபடி ஊதி, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வழியும் தெரிகிறதா என்று பாருங்கள். ஓட்டுத் துகள் ஈரத்தில் ஊறும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும் பைலட் வழியில் ஒரு துகள் தங்கினால், ஐடிலிங் நிற்காத வண்டியோடு வாடிக்கையாளர் மறுநாளே வாசலில் நிற்பார். ஹெட், கிராங்க் கேஸ் என்றால் ஆயில் ஓடும் உள்வழியின் (கேலரி) முனைத் தக்கைகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். சீல் வைத்த பேரிங் உள்ள எதையும் கேபினெட்டுக்குள் வைக்கவே கூடாது.

துகள் திடீரென்று வராமல் நிற்கிறதே?

பத்துக்கு எட்டு தடவை ஈரம்தான். காற்றில் ஈரம் 70 சதவீதம் உள்ள 30 டிகிரி நாளில் 13 சி.எஃப்.எம். ஓட்டும் கம்ப்ரசர், மணிக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். அது டேங்கில் வடிய வேண்டும். வடிக்காவிட்டால் கன்னுக்கு வரும். தினமும் டிரெயின் திறங்கள். டேங்குக்கும் கன்னுக்கும் நடுவே 10 மீட்டராவது இரும்புக் குழாய் ஓட்டி, காற்று குளிர்ந்தபின் ஈரம் பிரிக்கும் வடிகட்டியை வையுங்கள். கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் காற்று சூடாக இருக்கும். நீர் ஆவியாகவே கடந்துபோகும்.

ஆனி, ஆடிச் சாரலில் தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பட்டறையில் மூட்டை திறந்திருந்தால் துகள் கட்டிப்படும். அதே நாளில் நெல்லையில் வறண்ட காற்று அடித்துக்கொண்டிருக்கும், தொந்தரவு இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லா ஊரும் ஒன்றுதான். மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். பூசணம் பூத்த துகளை உலர்த்திப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

ஈரமில்லை என்றால் நாரோ பெயிண்டுச் செதிலோ அடைத்திருக்கும், அல்லது பழைய துகள் மாவாகியிருக்கும். மாவு கேபினெட்டின் அடிக் கூம்புக்குள் பாலம் கட்டி நிற்கும். கேபினெட்டைத் தட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும்.

கண்ணாடி மணி (குட்டிக் கண்ணாடி உருண்டை) ஓட்டிய கேபினெட்டில் ஓட்டுத் துகளை அப்படியே மாற்றிப் போடலாமா?

கூடாது. ஹோஸ், கன், கூம்பு, கையுறை மடிப்பு எல்லாவற்றிலும் பழைய மணி ஒளிந்திருக்கும். வேக்குவம் போட்டு, துணியால் துடைத்து, துகள் ஹோஸைப் புதிதாக மாற்றுங்கள். முதல் இரண்டு கிலோ ஓட்டுத் துகளை வீண் தகட்டில் அடித்து வெளியே கொட்டுங்கள். அலுமினியத்தில் புதைந்த ஒரு கடினத் துகள் என்ஜின் ஓடும்போது வெளிவந்து பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டு வேலையும் தினமும் வருமானால் இரண்டு கேபினெட் வைப்பதே மலிவு.

மோட்டார் சுற்றை இப்படிச் சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், ஆலை மோட்டார், ஜெனரேட்டர்களில் தூசியும் கிரீசும் கலந்து இறுகிய படலத்துக்கு மக்காச்சோளச் சக்கை நல்ல வழி. 40/60 துகள், 30 முதல் 40 பவுண்டு, தூரம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே சுருள் முனையில் காட்டிக்கொண்டே இருந்தால் கம்பியின் எனாமல் பூச்சு போகும். வார்னிஷ் பொரிந்து உதிரும் பழைய சுற்றைத் தொடாதீர்கள், அது ரீவைண்டிங்குக்கு வந்துவிட்டது. தண்ணீரில் மூழ்கி ஓடும் போர்வெல் மோட்டாரின் பிளாஸ்டிக் உறைக் கம்பிக்கு இந்த வேலை ஆகவே ஆகாது.

பிறகு சிலாட் இடுக்குகளை ஊதி வேக்குவம் போட்டு, சூட்டில் உலர்த்தி, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் பாருங்கள். 415 வோல்ட் மோட்டார் 5 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வார்னிஷ் டப்பாவைத் திறக்காமல் மறுபடி உலர்த்துங்கள்.

உவரி, இடிந்தகரைப் பக்கத்து வள்ளங்களின் அவுட்போர்டு என்ஜினுக்கு?

முதலில் நல்ல தண்ணீர். உப்பைத் துகள் போக்காது. குழிக்குள் இன்னும் அழுத்தித் திணிக்கும். ஒரு இரவு ஊறவைத்துக் கழுவி உலர்த்தியபின் வால்நட் அல்லது சிரட்டை, 50 பவுண்டு. வெள்ளை மாவாகப் பொங்கிய அலுமினிய அரிப்பின் மேல்மாவு போகும், அடியிலுள்ள குழி தெரியவரும். இரும்புப் பாகத்தைக் கடற்கரைக் காற்றில் வெறுமனே விட்டால் அன்று மாலையே செம்மை பூக்கும். கேபினெட்டிலிருந்து எடுத்த கையோடு ஆயிலோ பிரைமரோ பூசுங்கள்.

டர்போ பெட்ரோல் காரின் வால்வுக் கரிக்கு?

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜினில் இன்டேக் வால்வை எரிபொருள் கழுவுவதில்லை. அதனால் கரி ஏறும். மேனிஃபோல்டைக் கழற்றி, அந்த சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் முழுதாக மூடும்வரை கிராங்கைச் சுற்றி, வேக்குவம் இணைத்த அடாப்டர் வழியாக வால்நட் துகளை அடிக்க வேண்டும். வால்வு மூடியதை டார்ச் அடித்து உறுதிசெய்யாமல் டிரிக்கரைத் தொடாதீர்கள். மற்ற போர்ட்டுகளைத் துணியால் அடைத்து, எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்கு, விக்கிரகம்?

விளக்கின் களிம்பை மக்காச்சோளச் சக்கை எடுக்கும், ஆனால் மங்கலான பட்டு மெருகுதான் கிடைக்கும். கண்ணாடிப் பளபளப்புக்குப் பிறகு பஃப்பிங் வேண்டும். பழைய ஐம்பொன் விக்கிரகத்தைக் கேபினெட்டுக்குள் வைக்காதீர்கள். அதன் மேற்படலம் காலம் தந்தது, போனால் வராது. 100 வருஷத்தைத் தாண்டிய சிலைக்கு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டமும் பொருந்தும்.

இதன்மேல் பெயிண்டு நிற்குமா?

இந்தத் துகள் பிடிமானத்துக்கான சொரசொரப்பை உண்டாக்காது. 220 எமரித் தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, அலுமினியம் என்றால் எட்ச் பிரைமர் அடித்தபின் பெயிண்டுக்குப் போங்கள். புல்லட் மட்கார்டு போன்ற மெல்லிய தகடு மணலில் நெளியும், இதில் நெளியாது. ஆனால் முழுப் பெயிண்டையும் இதால் எடுக்க நினைத்தால் பொறுமை வேண்டும். கெமிக்கல் ரிமூவர் முதலில், துகள் பிறகு.

இயற்கைத் துகள்தானே, முகமூடியும் பாதுகாப்பும் எதற்கு?

இரண்டு காரணம். ஒன்று, மூச்சு. துகளில் சிலிக்கா இல்லாவிட்டாலும் மரத்தூசிபோல் ஆஸ்துமாவைக் கிளப்பும்; வால்நட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. அடிக்கும் பெயிண்டு பழைய ரெட் லெட் என்றால் ஈயமும் பறக்கும். கேபினெட்டுக்கு வேக்குவம், ஆளுக்கு என்-95 முகக்கவசம், காதுக்கு அடைப்பு. ஆடிக் காற்றில் திறந்த வெளியில் அடிப்பதை நினைத்தே பார்க்காதீர்கள், தெரு முழுக்கப் போகும்.

இரண்டாவது, தீ. இது பலருக்குத் தெரிவதில்லை. மணல் எரியாது, சிரட்டையும் சக்கையும் எரியும். மூடிய இடத்தில் நைசுத் தூளாக மிதந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். உலர்ந்த துகள் ஹோஸில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் ஏறுவதைக் கையில் 'சுரீர்' என்று உணரலாம். கன், கேபினெட், வேக்குவம், உள்ளே வைக்கும் பாகம் நான்கையும் எர்த் செய்யுங்கள். தூசிப் பையைத் தினமும் காலி செய்யுங்கள். இரும்புத் துகள் கலக்க விடாதீர்கள், பக்கத்தில் வெல்டிங் வேண்டாம். ஒழுங்கான தூசி சேகரிப்பான் இல்லாமல் சாதாரண வீட்டு வேக்குவத்தை மாட்டுவது நெருப்போடு விளையாட்டு.

ஒரே துகளை எத்தனை தடவை ஓட்டலாம்? பழையதை என்ன செய்வது?

சிறிய கேபினெட்டில் 5 முதல் 8 கிலோ போடுங்கள். நாலைந்து சுற்று ஓடும். ஒவ்வொரு நாள் முடிவிலும் 20/40 துகளை 425 மைக்ரானில் சலித்து மாவை நீக்கி, நீக்கிய அளவுக்குப் புதியது சேருங்கள். ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் உதறினால் தாள் கறுத்து எண்ணெய்ப் பட்டால், மொத்தமும் மாற்ற வேண்டியதுதான்.

எண்ணெயும் பெயிண்டும் கலந்த துகளைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறிப் புகையலாம். மூடியுள்ள இரும்பு டிரம்மில், கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். பெயிண்டு கலந்தது உரக்குழிக்கோ செங்கல் சூளைக்கோ போகக் கூடாது. உலர்த்தும் வேலைக்கு மட்டும் ஓடிய சுத்தமான மக்காச்சோளச் சக்கையைத் தென்னைக்கு மூடாக்காகப் போடலாம், தடையில்லை.